சிவப்புப் பேனாத் திருத்தம்

"இந்த மனுவை வாங்க முடியாது மேடம். தப்பு இருக்கு."

குடும்ப நீதிமன்றத்தின் மனு வாங்கும் ஜன்னலில், குமாஸ்தா காகிதக் கட்டை வெளியே தள்ளினார்.

தப்பா? அவளுக்குச் சுருக்கென்றது. மளிகைச் சீட்டிலேயே எழுத்துப்பிழை பொறுக்காதவள். வக்கீல் அடித்துக் கொடுத்த விவாகரத்து மனுவில் சிவப்புப் பேனாவால் ஏழு இடம் திருத்தி, மறுபடி அடிக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். மார்க் போடாததுதான் பாக்கி. கான்வென்ட் படிப்பு என்றால் சும்மாவா?

"எங்கே தப்பு? காட்டுங்க."

"மூணாவது பத்தி. 'பதினோராம் தேதி வரும் எங்கள் திருமண நாளை, என் கணவர் இருபத்திரண்டு வருடங்களில் ஒருமுறைகூட நினைவில் வைத்ததில்லை.'"

"அதுல என்ன பொய்? வருஷா வருஷம் மறுநாள்தான் பூங்கொத்தோட வந்து அசடு வழிவார். நானும் தூக்கிக் குப்பையில போடுவேன். இந்தத் தடவையாவது ஞாபகம் வருதான்னு, மனுவைப் பீரோவுல வெச்சுக்கிட்டு ஒரு மாசம் காத்திருந்தேன். நேத்தும் மறந்துட்டார். இன்னிக்கு வந்துட்டேன்."

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கூட வெச்சிருக்கிற கல்யாணச் சான்றிதழ்ல பன்னெண்டாம் தேதின்னு இருக்கே?"

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தப்பா அடிச்சிருப்பாங்க. எங்க வீட்டுச் சுவர்ல கல்யாண போட்டோவே தொங்குது. அடியில பெரிசா தேதி, பதினொண்ணு..."

சொல்லும்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது. அது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வரவேற்பில் எடுத்த படம்.

வக்கீல் பன்னிரண்டு என்று சரியாகத்தான் அடித்திருந்தார், பாவம். ஏழு திருத்தத்தில் அதுவும் ஒன்று.

"அப்போ இன்னிக்குத்தானே மேடம் உங்க கல்யாண நாள்?" என்றார் குமாஸ்தா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மனுவைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரமாகப் போய்க் கணவனுக்கு ஃபோன் போட்டாள்.

"எங்கேம்மா போயிட்ட? சாரிம்மா, நேத்து சுத்தமா மறந்துட்டேன். பூ வாங்கி வெச்சிருக்கேன்..."

"போதும் நடிப்பு. பன்னெண்டாம் தேதிதான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"



"தெரியும்."

"பின்னே ஏங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

"முதல் வருஷமே சொன்னேன். 'என்கிட்டயே தப்பு கண்டுபிடிக்கிறீங்களா'ன்னு ரெண்டு வாரம் நீ பேசலை. மறந்துட்டேன்னு சொன்னா ரெண்டு நாள்ல பேசிடுற. அதான், வருஷம் தவறாம மறந்துடறேன்."