வெயில் இறங்கும் வரை

மாடி அறையில் கடைசி ஒத்திகை. நாளை மாலை இதே அறையில் ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும். காலம் நகர்வதைப் பற்றி இசையமைப்பாளர் எழுதிய படைப்பு இது. முடிவில் வயலின்களும் வியோலாவும் அடங்கிவிட, ஜன்னல் வெயில் காலி நாற்காலியை விட்டு இறங்கும்வரை செல்லோ மட்டும் ஒற்றை ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செல்லோ வாசிப்பவள் அவர் மனைவி. நாற்காலி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவர்தான் சைகை காட்ட வேண்டும். உள்ளங்கையளவு வெயில் மிச்சமிருக்கையில் மேகம் மூடிக்கொள்கிறது. வில்லை நிறுத்தாமலே கேட்கிறாள்: "இருட்டிடுச்சே, முடிச்சிடட்டுமா?" அவர் தலையைச் சொறிகிறார். "மேகம் வரும்னு நான் யோசிக்கவே இல்லம்மா." "நல்லா எழுதினீங்க போங்க! என் தோள்பட்டையே கழண்டுடும் போலிருக்கு." வியோலாக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிறார், அந்தக் கிறீச்சொலியும் ஸ்வரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேகம் விலகுகிறது. நாற்காலியில் இப்போது வெயில் இல்லை. வெயில் நகர்ந்து வந்து அவள் காதோரத்து நரையில் நிற்கிறது. "என்ன, போயிடுச்சா?" என்கிறாள், திரும்பாமல். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். "இல்ல, இன்னும் இருக்கு. நீ வாசி."