மேஜருக்கு மட்டும் விலக்கு

"எல்லா நாய்க்கும்னா எல்லா நாய்க்கும்தான் சார். இதுவும் நாய்தானே?" என்றாள் கால்நடை டாக்டர்.

தெருநலச் சங்கத் தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் வீட்டு மேஜரை நாய் என்று அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

சங்க அறையின் வாசலில் வண்டி நின்றிருந்தது. கூண்டுகளில் தெருநாய்கள். கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கொல்லாமல் குறைக்கிற வழி. அதை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் தலைவர்தான். அந்த விஷயத்தை யாரையும் மறக்கவும் விடமாட்டார்.

சற்று முன்புதான் மைக் பிடித்துக் கருணையைப் பற்றிப் பேசி முடித்திருந்தார். 'வாயில்லா ஜீவன்' என்று சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுத்தது. அந்த வாயில்லா ஜீவன்கள் கூண்டுக்குள்ளிருந்து ஊளையிட்டதில் பாதிப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. புண்ணியம் கட்டிக்கொண்டன.

அவர் மனைவி மேஜரின் சங்கிலியைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். மேடையில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. நாயைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

படம் எடுக்கும்போது மேஜர் பக்கத்தில் கம்பீரமாக நிற்கட்டும் என்று கூட்டிவரச் சொன்னவர் தலைவரேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

செவலை என்று ஒரு பெட்டை இந்தத் தெருவில் உண்டு. இப்போது அதுவும் ஒரு கூண்டில் படுத்திருக்கிறது. அது ஈனுகிற குட்டிகளில் பாதிக்கு மேஜரின் மடிந்த காது, மேஜரின் வெள்ளை மார்பு. காற்று வாங்கட்டும் என்று தலைவர் விடிகாலையில் சங்கிலியை அவிழ்த்துவிடுவதன் பலன். அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர். ஆனாலும் குட்டிகள் அவர் வாசலிலேயே வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

கார் சக்கரத்தில் அகப்பட்ட குட்டிகளை அள்ளிப் புதைத்தவள் அவர் மனைவி. கடைசியாக எடுத்தது உடனே சாகவில்லை. பழைய துண்டுக்குள், அவள் மடியிலேயே வெகுநேரம் முனகி அப்புறம் அடங்கியது. இன்னொரு குட்டியைப் புதைக்கத் தன்னால் ஆகாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செவலைக்கு முடித்தால் மட்டும் போதுமா? அடுத்த தெருவிலும் பெட்டைகள் உண்டு. மேஜருக்கு எந்தத் தெருவும் அந்நியமில்லை.

"பெட்டைக்கு வயித்தைத் திறக்கணும் சார். இவனுக்கு அதெல்லாம் இல்ல, சின்ன வேலை. சாயங்காலமே எழுந்து நடப்பான்" என்றாள் டாக்டர்.

"ஆம்பளைம்மா அவன். நாலு இடம் போகணும், வரணும், வீட்டைக் காக்கணும். தெம்பு போயிடும். பெட்டைங்களுக்குப் பண்றீங்கல்ல, அது போதும்."

பக்கத்தில் நின்ற சங்கப் பொருளாளர் தலையை ஆட்டினார். தலைவர் தும்மினாலும் ஆடுகிற தலை அது.

கருணையும் கட்டுப்பாடும் ஊருக்குத்தான். தன் வீட்டுக் கதவு வரை வந்தால் கருணைக்குக் கால் வலி வந்துவிடும். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தாள். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டே கூட வந்தது. அதற்கு மனுஷர்கள் மீது அத்தனை நம்பிக்கை. டாக்டரின் கையைப் பிடித்துச் சங்கிலியை அதில் வைத்தாள்.

டாக்டர் தயங்கினாள். "வீட்டுல சம்மதம்தானே? வளக்கிறவங்க சம்மதம் இல்லாம நாங்க கை வைக்கிறதில்ல."

"சோறு போடறது நான், குளிப்பாட்டறது நான், அது வாந்தி எடுத்தா துடைக்கிறதும் நான். வளக்கிறவ நான்தான். எனக்குச் சம்மதம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதவியாளன் வந்து மேஜரின் கழுத்தைத் தடவிக்கொடுத்து வண்டிக்குக் கூட்டிப்போனான்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கணுமா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பவள் மாதிரிதான் கேட்டாள்.

ஒரு நாய்க்காகப் புருஷன் பெண்டாட்டி சண்டையா என்று பொருளாளர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எல்லாரும் பேச்சு மேஜரைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஒட்டவைத்திருந்த சிரிப்பு முகத்திலிருந்து கழன்று விழுந்தது.

இரண்டாவது பிள்ளை பிறந்த அன்று அவள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, பிரசவத்தோடு சேர்த்து இன்னொரு வேலையையும் முடித்திருந்தார்கள். இனிமேல் உங்களுக்குக் குழந்தை பிறக்காது, உங்கள் வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டார் என்று நர்ஸ்தான் வந்து சொன்னாள். அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.