இடது கைச் சுருட்டு

முதலாளி இரண்டு சுருட்டுகளையும் தானே பற்றவைத்து, அத்தானிடம் கைக்கொன்றாகக் கொடுத்தார்.

ஒன்று, வெளிநாட்டில் வாங்கி வந்து மரப்பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருப்பது. இன்னொன்று, முக்குக் கடையில் கட்டாகக் கட்டித் தொங்குவது. இரண்டிலும் இருந்த காகித வளையங்களைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எது ஒசத்தி, எது மட்டம்னு சொல்லுங்க மாஸ்டர். ஒங்க நாக்குக்குத் தெரியாததா?"

மதிய வியாபாரம் ஓய்ந்த நேரம். ஹோட்டல் சமையலறைக்குப் பின்னால், காலி சிலிண்டர்கள் நிற்கும் முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டோம். வேடிக்கை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

எனக்கு அது வேடிக்கை இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். இங்கே அவர்தான் தலைமைச் சமையல்காரர். நான் அவருக்கு அடுத்தவன். முதலாளி புதிதாக இன்னொரு ஹோட்டல் திறக்கிறார். அதன் அடுப்படியை என்னிடம் ஒப்படைக்கலாமா என்று அத்தானிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். இரண்டு முறையும் அத்தான் குறுக்கே விழுந்து தடுத்தார். நான் இன்னும் சின்னப் பையனாம், அவர்கூடவே கிடக்கட்டுமாம்.

சின்னப் பையனுக்குத் தலை பாதி நரைத்தாயிற்று.

அந்தத் தங்க நாக்கின் லட்சணம் எனக்குத்தானே தெரியும். போன வருடம் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்ததிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எந்தச் சட்டி இறங்கினாலும் கரண்டியை முதலில் என் பக்கம் நீட்டுவார். நான் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு பத்தவில்லை என்று முணுமுணுப்பேன். உடனே அவரும் ஒரு சொட்டு உறிஞ்சிவிட்டு, உப்பு பத்தவில்லை என்று கூரை அதிரக் கத்துவார். அடுப்படியே வாயைப் பிளக்கும். ருசி பார்ப்பது நான், பேர் வாங்குவது அவர். மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

இன்றைக்குத் தனியாக மாட்டட்டும் என்றிருந்தேன். முதலாளி மூன்றாவது முறை கேட்கும்போது இவர் பேச்சு எடுபடக் கூடாது.

அத்தானுக்குப் புகைப் பழக்கம் கிடையாது. இடது கையில் இருந்ததை ஓர் இழுப்பு இழுத்து இருமினார். வலது கையில் இருந்ததை இழுத்து அதற்கும் அதே இருமல்தான் இருமினார்.

பின்னால் நின்ற எனக்கே தெரிந்துவிட்டது. இடது கையிலிருந்து வறுத்த கொட்டையும் பழைய மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. சாம்பல்கூட உதிராமல் கெட்டியாக நின்றது. வலது கையிலிருந்து ஈரச் சாக்கைக் கொளுத்திய நாற்றம். உள்ளே கழிவுத் தூள் போல. நெருப்போடு பொலபொலவென்று உதிர்ந்தது. இதைச் சொல்ல நாக்கே வேண்டாம், மூக்கு போதும்.

அத்தான் திரும்பி இரண்டையும் என்னிடம் நீட்டினார். "நீயும் ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன், மாப்ளே."

இதிலுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒங்களத்தானே கேட்டாரு. நீங்களே சொல்லுங்க அத்தான்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சுருட்டோடு வலது கையைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒரு கங்கு உதிர்ந்து துண்டின் மடிப்பில் விழுந்தது. முதுகுப் பக்கம் என்பதால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

தெரிந்தால் அவரே தட்டிவிட்டுக்கொள்வார் என்று சும்மா இருந்தேன்.

சுருட்டுப் புகையோடு புகையாகத் துண்டும் புகைந்தது. துணி கருகும் வாடை முற்றம் முழுக்கப் பரவியது. பாத்திரம் கழுவும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏதோ கருகுதே" என்றாள்.

அத்தான் உடனே சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "கருகுதுடா! எவன்டா அடுப்ப அணைக்காம வந்தவன்? ஓடிப் போய்ப் பாரு!"

இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள்.

துண்டு அவர் காதுக்குக் கீழேயே கருகிக்கொண்டிருந்தது.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு வருடமாக என் பக்கம் நீண்ட கரண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பேர் வாங்குவதற்காக நீட்டிய கரண்டிகள் இல்லை அவை.

துண்டைப் பிடித்துக் கைக்குள் கசக்கி அணைத்தேன். உள்ளங்கை பொசுங்கியது. ஏதோ தூசி தட்டுவதுபோல் குனிந்து, அவர் காதில் மட்டும் சொன்னேன். "இடது கை."

"இடது கைதான் ஒசத்தி!" முற்றமே அதிர்ந்தது. "இன்னொண்ணத் தூக்கிப் போடுங்க!"

முதலாளி கைதட்டினார். "நாக்குன்னா இதுதான்யா நாக்கு! சரி மாஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. புது ஹோட்டலுக்கு ஒங்க மச்சான அனுப்பட்டுமா?"

அத்தான் இம்முறை குறுக்கே விழவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் அத்தான்கூடவே கெடக்கறேன் முதலாளி."

அவரை மனசுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டேதான் சொன்னேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்த மனுஷன். அக்காவிடமாவது சொன்னாரோ என்னவோ.

உள்ளே ஓடியவர்கள் திரும்பி வந்து, அடுப்பெல்லாம் அணைந்துதான் கிடக்கிறது என்றார்கள். கூட்டம் கலைந்தது.

அத்தான் அப்போதுதான் என் கையைக் கவனித்தார்.

"என்ன மாப்ளே, உள்ளங்கை இப்படிச் செவந்திருக்கு?"

"அடுப்புல பட்டுடுச்சு அத்தான்."