வளையம் விழாத தட்டு

கால்நடை மருத்துவர் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தையல்காரருக்குக் காட்டுகிறார். தையல்காரருடைய நாயின் கண்சீழிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகள் மஞ்சளாய்ப் படர்ந்திருக்கின்றன; நடுவே வெவ்வேறு மருந்தில் நனைத்த ஆறு காகிதப் பொட்டுகள். கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் பொட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுந்திருக்கும். ஒன்றிலும் இல்லை. "கண்ணு நல்லானதும் சொட்டு மருந்தை நிறுத்திட்டீங்களாண்ணே?" "ஆமாம்மா. மிச்சத் துணி மாதிரி அடுத்த தடவைக்கு எடுத்து வெச்சேன்." "தப்பிச்ச கிருமிக்கு மருந்தைத் தாங்குறது பரம்பரைக் குணமாயிடுச்சு. இப்ப மருந்தை டீ மாதிரி குடிக்குது. இந்தக் கண்ணை எடுத்துடணும்ணே." "இன்னொரு கண்ணு?" மருத்துவர் தட்டை மூடுகிறார். "அதுலயும் இதேதான்." தையல்காரரின் விரல்கள் சட்டைப்பையிலிருக்கும் மருந்துப் புட்டியின் மூடியைத் தன்னையறியாமல் திருகுகின்றன. அந்தச் சத்தம் கேட்டதும், மேசையில் படுத்திருக்கும் நாய் வழக்கம்போல முகத்தை உயர்த்தி, அசையாமல் காத்திருக்கிறது.