யானை இல்லாத காடு

"ஆனை வந்துச்சுன்னா கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்துக்குங்க டீச்சர். சத்தம் கேட்டாத்தான் உங்க பக்கம் திரும்பும்."

"பிள்ளைங்க பயந்துபோய்க் கத்திட்டா?"

"கத்தாம பாத்துக்குங்க. நாங்க பட்டாசோட வர்ற வரைக்கும்தானே!"

போன வாரம் வனக்காவலர் சென்னப்பன் பைக்கை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனது இது. அன்றைக்கு மணிமேகலை சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். இன்றைக்குக் காலை பத்தே காலுக்கு அதே சென்னப்பன் போனில் மூச்சிரைத்தார்.

"ராகிக் காட்டுலேர்ந்து விரட்டினோமுங்க. ஏரிப் பக்கம் போகாம உங்க ஸ்கூல் பக்கமாத் திரும்பிடுச்சு. பெரிய கொம்பன். யாரும் வெளிய வந்துடாதீங்க!"

தளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டியிருக்கும் பள்ளிக்கூடம் அது. தலைமையாசிரியை சரஸ்வதி மீட்டிங்குக்காக ஓசூர் போயிருந்தார். சத்துணவு அம்மா இன்னும் வரவில்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பதினோரு பிள்ளைகள். அவர்களோடு, காவேரிப்பட்டினத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மணிமேகலை.

ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கடைசி ஜன்னலின் கொக்கி மாட்டவே இல்லை. நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தாள்.

"என்னாத்துக்கு டீச்சர் சாத்தறீங்க? வேர்க்குது" என்றான் இரண்டாம் வகுப்பு வெங்கட்.

"இன்னிக்குப் பாடம் காடு. காட்டுக்குள்ள இருட்டாத்தானே இருக்கும்? எல்லாரும் நடுவுல வாங்க. இந்த ரூம்தான் காடு. காட்டுல இருக்கறதெல்லாம் நீங்கதான்."

"நான் சிறுத்த!" வெங்கட் துள்ளினான்.

"தூங்கற சிறுத்த. உறுமக் கூடாது. இந்தக் காட்டுல ரகசியமாத்தான் பேசணும். சத்தம் போட்டா அவுட்."

ஒருத்தன் கரையான் புற்று, ஒருத்தி மூங்கில், இரண்டு பேர் புல் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்பு மாதேஸ்வரி குளம். ஒன்றாம் வகுப்பு பிரியதர்ஷினிக்குத் தேன்கூடு. அவள் உடனே விரலைச் சப்பத் தொடங்கினாள்.

வெளியே வேலிக் கம்பி அறுந்து தெறித்தது.

பதினோரு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மாதேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள். பிறகு வெங்கட்டின் காதில் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். அவன் அடுத்தவன் காதில் ஓத, வரிசையாகக் காதுக்குக் காது போனது. மணிமேகலைக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது.

"என்ன குசுகுசு?"

"ஆட்டம் எப்படின்னு சொல்லிக்குடுத்தேன் டீச்சர்."

"சரி… காட்டுல ஒண்ணை நம்பி இன்னொண்ணு இருக்கும். புல்லை நம்பி மான், மானை நம்பி சிறுத்த. அப்ப மூங்கில யாரு தின்பாங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதற்கு இந்த ஊரில் என்ன பதில் வரும்? யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் பிரியதர்ஷினி வீறிடுவாள். ஒருத்தி அழுதால் அத்தனையும் அழும். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது திரும்பும்.

வெங்கட் வாயைத் திறந்தான். மாதேஸ்வரியைப் பார்த்தான்.

"மான், டீச்சர்."

"காட்டெரும" என்றது புல்.

அப்பாடா என்று இருந்தது. "பழக் கொட்டைய ரொம்ப தூரத்துக்குத் தூக்கிட்டுப் போய் யாரு போடறது?"

"குருவி!"

சமையல் கொட்டகையின் தகரம் படாரென்று கிழிந்து விழுந்தது. பாத்திரங்கள் உருண்டன.

"காத்து" என்றாள் மணிமேகலை. அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

"ஆமா டீச்சர், பயங்கரக் காத்து" என்றான் வெங்கட், பிரியதர்ஷினியின் வாயை மெல்லப் பொத்தியபடி.

கதவுக்கடியில் கோடாகத் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. யாரோ பெரிய துருத்தி வைத்து ஊதுவதுபோல ஒரு மூச்சு. சுவரில் எதுவோ உரச, சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. காலையில் பஸ் ஏற்றிவிட்ட கணவனின் முகம் அவள் கண்முன் வந்து போனது. இரண்டு கையையும் விரித்து, எட்டிய பிள்ளைகளையெல்லாம் மார்போடு இழுத்துக்கொண்டாள். இவர்களில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால், பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

முதுகில் ஒரு சின்னக் கை விழுந்தது.

"நீங்க ஆலமரம் டீச்சர்" என்று மாதேஸ்வரி காதோடு சொன்னாள். "ஆடாம இருங்க."

எவ்வளவு நேரமோ தெரியாது. கதவுக்கடியில் வெளிச்சம் திரும்ப வந்தது. தூரத்தில் பட்டாசு வெடித்தது. போன் அதிர்ந்தது.

"ரோட்டத் தாண்டிடுச்சு டீச்சர். பிள்ளைங்கல்லாம்…?"

"ஒண்ணும் தெரியாதுங்க அவங்களுக்கு. பாடம் நடத்திட்டிருந்தேன்." அழுகையும் சிரிப்புமாக வந்தது. போனை வைத்துவிட்டுக் கதவைத் திறக்க எழுந்தாள். "ஆட்டம் முடிஞ்சுது! போங்க, வெளிய போய் விளையாடுங்க."

ஒருவரும் அசையவில்லை. மாதேஸ்வரி மட்டும் எழுந்து வந்து, தாழ்ப்பாளில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத் தொறக்காதீங்க டீச்சர். அது ஒண்டியா வராது. பின்னாலயே இன்னொண்ணு வரும்."

"எது வரும்?"

"ஆனைதான்."

மணிமேகலை அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "உங்களுக்கு… எப்பலேர்ந்து தெரியும்?"

"வாசன வந்தப்பவே. யாரும் அது பேரச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கை இன்னும் இறுகியது. "இதுக்கு முன்னால வந்த மூணு டீச்சரும் ஆனையப் பாத்த மறுநாளே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் போயிராதீங்க டீச்சர்."