ஆறு மணிச் சத்தம்

கீழ்வீட்டு அம்மா அன்றைக்கும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி வீட்டுக்காரனின் கார் தெருமுனை திரும்பினாலே போதும், அந்த ஜன்னல் படாரென்று திறக்கும். கம்பியைப் பிடித்தபடி காரையே பார்ப்பார். இன்ஜின் அணைந்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார். ஒரு வார்த்தை கிடையாது.

அவனுக்கு முள்ளின் மேல் நிற்பது போல இருக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். பகலெல்லாம் தேய்த்துக் களைத்த கண்ணுக்குச் சாயங்காலத் தெரு பாதி கனவு மாதிரிதான் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெளியில் வாங்கிய ஃபில்டரையும் அகலக் குழாயையும் காரில் மாட்டியிருந்தான். அதிலிருந்து வண்டி மூச்சு விடுவதே காதில் விழுந்தது. மிதித்தால் 'ஹோ'வென்று ஆழமாய் உள்ளிழுக்கும். கடலோரத்தில் கண்ணயர்ந்த மாதிரி ஒரு சுகம். சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூடக் கோபம் வராது.

ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்கான அக்கா புருஷனிடம் போய் நின்றான்.

"அத்தான், உள்ளதைச் சொல்லுங்க. கம்பெனி ஃபில்டரை விட இது ஒசத்திதானே?"

அத்தான் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "காத்து தாராளமாப் போகும். கூடவே தூசும் போகும். நீ கடைக்குப் போய் வர்ற ஓட்டத்துக்கு வேகம் ஒரு இம்மி ஏறாது மாப்ளே."

"அப்ப சத்தம்?"

"அது ஒண்ணுதான் உனக்கு மிச்சம். அக்கம்பக்கத்துக்குத் தலைவலி."

ஜன்னல் கம்பியைப் பற்றிய விரல்கள் அவன் கண்முன் வந்தன.

"கம்பெனி ஃபில்டரையே போட்டுடுங்க அத்தான்."

திங்கட்கிழமை கார் பூனை மாதிரி வந்து நின்றது. ஜன்னல் திறக்கவில்லை. மனசு வெறிச்சென்று இருந்தாலும், நல்ல காரியம் செய்த நிம்மதியில் படி ஏறினான். வியாழன்வரை அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மா. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தான்.

"தம்பி, காரை வித்துட்டீங்களா?"

"இல்லைங்கம்மா. சத்தம் போட்ட ஃபில்டரை எடுத்துட்டேன். இத்தனை நாளா உங்களுக்கு இம்சை கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க."

"இம்சைன்னு யார் சொன்னா?"

"சத்தம் பொறுக்காமதானே ஜன்னலைத் திறந்து பார்ப்பீங்க..."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு நல்லாக் கேக்கட்டும்னு திறப்பேன். படுத்த படுக்கையாக் கிடக்கார். நினைவு தப்பிப் போச்சு, என்னையே யாருன்னு கேக்கறார். எங்க பையன் காரும் இப்படித்தான் உறுமும். உங்க சத்தம் கேட்டதும், 'பையன் வந்துட்டான்'னு முகம் மலரும். அப்பத்தான் வாயைத் திறந்து நாலு வாய் சாப்பிடுவார். நாலு நாளா வெறும் பால்தான் இறங்குது."

அவன் ஒரு நாற்காலியை எடுத்து அவர் அருகே போட்டான்.

"பையனை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லக் கூடாதாம்மா? எப்ப வருவார்?"

"அவன் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. எட்டு மாசமா நீங்கதான் தம்பி வந்துட்டிருந்தீங்க."