எட்டு இல்லாத பட்டியல்

செட்டாப் பாக்ஸுக்கான சேனல் பட்டியலைக் கணவன் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மாதம் ஒருமுறை அதை இணையக் குழுவில் போடுவான். முகம் தெரியாத பலர் அதை எடுத்துத் தங்கள் பாக்ஸில் ஏற்றிக்கொள்வார்கள்; அவன் போட்ட எண்ணிலேயே சேனல்கள் வரும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏழுக்கு அப்புறம் ஒன்பது. பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பது. எட்டு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"குழுவுல 'வழிப்போக்கன்'னு ஒருத்தன். எட்டு வர்ற நம்பரே வேண்டாம்னு கேட்டான்."

"யாரோ கேட்டா ஓடி ஓடிச் செய்யுங்க. கூடப் பொறந்த தம்பிகிட்ட மட்டும் ஒரு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அப்படி என்ன வீம்பு?"

அவன் பட்டியலைக் குழுவில் போட்டான். உடனே வழிப்போக்கனிடமிருந்து பதில் வந்தது: "நன்றி அண்ணா."

அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். "யாருங்க இது?"

"தம்பி வீட்டு ரிமோட்ல எட்டு அமுங்காது. அன்னைக்குச் சண்டையில நானும் அவனும் பிடிச்சு இழுத்ததுல போனது."

"அடப்பாவிகளா! உங்க தம்பி ஒரு புது ரிமோட் வாங்கிக்கக் கூடாதா?"

"வாங்கிட்டா, என்கிட்ட கேக்க அவனுக்கு என்ன இருக்கும்?"